இருக்கன்குடிக் கிடாய் விருந்தும் இரத்தப் பொரியலும்

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடி மாரியம்மன் ஸ்தலத்தை அறியாத குடியானவர் விருதுநகர் ஜில்லாவில் இருக்கமாட்டார். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையில் சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து கால்நடையாகவும் வண்டிகளிலும் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். பொங்கலிடுவோரும், முடி இறக்குவோரும், அக்கினிச் சட்டி எடுப்போரும் ஒருபுறமிருக்க, நேர்ந்துவிட்ட கிடாயைக் கொண்டுவந்து வெட்டி உறவின்முறையாருக்கு விருந்து செய்வோர் மற்றொரு புறம் ஆற்றங்கரை நெடுகக் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். கரிசற் காட்டில் வளர்ந்த கன்னி ஆடுகளையும் வேம்பூர்ச் செம்மறிகளையும் அன்று அங்கே திரளாகக் காணலாம்.

அவ்விருந்தில் கறிக்கு மதிப்புண்டு, தோலுக்கு விலையுண்டு, தலைக்கும் குடலுக்கும் இன்னார்க்கு இன்னது என்ற பங்குண்டு. இரத்தத்தைப் பற்றித்தான் ஒருமித்த அபிப்பிராயமில்லை. ஒரு கூடாரத்தில் அதைப் பாத்திரத்தில் ஏந்திப் பொரியல் செய்து, மதியப் பந்திக்கு முன்னரே பிரியமாக உண்கிறார்கள். அடுத்த கூடாரத்தில் அதை மணலில் ஓடவிட்டு, மேலே இரண்டு கூடை மண்ணைத் தள்ளி மறைக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் இவ்வாறான ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டு நாம் சென்றிருந்தோம். அழைத்தவர் கணிசமான நிலமுள்ள ஒரு பெரியவர். ஊரில் நாலு பேர் வார்த்தை கேட்டு நடக்கும் மதிப்புடையவர். கிடாயை நிறுத்தியபோது அவருடைய தமக்கையார் ஒரு பாத்திரத்தில் உப்பு நீருடன் வந்து நின்றார். பெரியவர் குரலைத் தாழ்த்தி, “அக்கா, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அது வேண்டாம். நம் வீட்டில் அது வழக்கமில்லை” என்றார். அந்த அம்மாள், “நம் ஆத்தா ஆக்கிப் போட்டுத்தானே தம்பி நீயும் நானும் வளர்ந்தோம்? உன் மருமகள் பிள்ளை பெற்று மூன்று மாசமாகிறது. முகம் வெளுத்துக் கிடக்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்” என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. பாத்திரம் ஓரமாக வைக்கப்பட்டது. இரத்தம் மணலில் ஓடிற்று.

பந்தி முடிந்த பின்பு அவரே தனியாக வந்து, “ஐயா, அது மெய்யாகவே உடம்புக்கு நல்லதுதானா?” என்று கேட்டார். அப்பொழுது ஆர அமர விடை சொல்ல அவகாசமில்லாமற் போயிற்று. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரையாகும்.

வெறுப்பின் வகைகள்

இரத்த உணவை வேண்டாமென்போர் எல்லோரும் ஒரே காரணம் பற்றி அவ்வாறு சொல்லுகிறார்களில்லை. முதலாவது வகையார் மத ஆசாரம் பற்றி விலக்குகிறவர்கள். புலாலையே தொடாத சைவ ஆகாரிகளுக்கு இவ்விஷயத்தில் கேள்வியே எழுவதில்லை. முஸ்லிம்களுக்கு வடிந்தோடும் இரத்தம் குர்ஆனால் விலக்கப்பட்டது. யூதர்கள் இறைச்சியை உப்பிட்டு ஊறவைத்து இரத்தத்தை நீக்கிய பின்னரே சமைக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் சில சபையார் அப்போஸ்தலருடைய போதனையைப் பின்பற்றி அதை ஒதுக்குகிறார்கள். வேறு சபையார் அப்படி வற்புறுத்துவதில்லை. இவர்களுடைய விரதம் மதிக்கத்தக்கது. அதில் பிறர் தலையிடுவது முறையன்று.

இரண்டாவது வகையார் மனம் ஒப்பாமல் விலக்குகிறவர்கள். கவிச்சியும் நிறமும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. நாவின் விருப்பு வெறுப்புக்கு நியாயம் கேட்பது வீண்.

மூன்றாவது வகையார், தாம் அதை உண்பவர் என்று பிறர் அறிந்தால் மதிப்புக் குறையுமென்று அஞ்சுகிறவர்கள். நாம் கண்ட பெரியவர் இவ்வகையைச் சேர்ந்தவர். இந்த அச்சத்தின் வேரைத் தேடினால் சாதி ஏற்றத்தாழ்வில் போய் முடியும். நல்ல கறியை விலைக்கு வாங்க வகையில்லாதபடி வைக்கப்பட்ட ஏழை மக்கள், குடலையும் இரத்தத்தையும் வீணாக்காமல் உணவாக்கக் கற்றார்கள். அவர்களை அந்நிலையில் வைத்த சமூகமே, பின்பு அவ்வுணவைக் காட்டி அவர்களை இழித்துப் பேசிற்று. மராத்வாடாப் பிரதேசத்துத் தலித் மக்களின் இத்தகைய உணவுகளைப் பற்றி ஷாஹூ பாட்டோலே என்பவர் 2015ஆம் ஆண்டில் மராத்தியில் ஒரு நூல் எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சமையல் நூல்களில் இடம் பெறாத பண்டங்கள் அதில் மரியாதையோடு எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டு நிலையும் இதற்கு வெகு தூரமானதன்று. ஆயினும் மதுரை தொடங்கித் தென் ஜில்லாக்களில், நிலமுள்ளோர் இல்லாதோர் என்ற பேதமின்றிப் பற்பல சமூகத்தார் வீட்டு அடுப்பிலும் ஆட்டு இரத்தப் பொரியல் ஏறியிறங்குகிறது. உண்பது வீட்டிற்குள்ளும் மறுப்பது வீதியிலுமாக இருப்பதே விசித்திரம்.

பழந்தமிழர் இரத்தத்தை இழிவான பொருளாக எண்ணவில்லை என்பதற்குச் சான்றுண்டு. கிடாயின் குருதியோடு கலந்த அரிசியை முருகனுக்குப் பலியாக இடும் செய்தி திருமுருகாற்றுப்படையில் காணப்படுகிறது. ஊரெல்லையில் இரத்தம் கலந்த சோற்றைச் சூறையிடும் வழக்கம் பிற்காலத்துக் கிராமங்களிலும் இருந்து வந்திருக்கிறது. தெய்வத்துக்கும் எல்லைக்கும் தகுந்ததாகக் கருதப்பட்ட ஒரு பொருள், சமைத்து உண்பவனை மட்டும் தாழ்த்திவிடும் என்பது பொருந்தாத வாதம்.

பிலிப்பைன் தீவுகளில்

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன் தீவுகளில் தினுகுவான் என்றொரு பதார்த்தம் பிரசித்தமானது. அந்நாட்டு மொழியில் ‘டுகோ’ என்றால் இரத்தம். அதிலிருந்து பிறந்த பெயர் இது. பன்றிக் கறியையும் குடலையும் பன்றியின் இரத்தத்திலேயே காடியும் நீண்ட பச்சை மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைத்துக் கருநிறக் குழம்பாக்குகிறார்கள். அரிசி மாவை ஆவியில் வேகவைத்த, நம்முடைய இட்டலியைப் போன்ற ‘புட்டோ’ என்னும் பண்டத்தோடு அதை உண்பது வழக்கம்.

அங்கும் எல்லோரும் உண்பதில்லை. தெற்குத் தீவுகளில் வாழும் முஸ்லிம்கள் உண்பதில்லை. 1914ஆம் ஆண்டில் அந்நாட்டில் தோன்றிய இக்லேசியா நி கிறிஸ்தோ சபையாரும் இரத்தத்தை அறவே விலக்குகிறார்கள். அன்றியும், வெளிநாடு சென்று வாழும் பிலிப்பினோக்கள் பிறர் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சி, இக்குழம்பைச் ‘சாக்லேட் இறைச்சி’ என்று வேறு பெயரிட்டுப் பரிமாறுவதும் உண்டு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் வேண்டாமென்று நம் பெரியவர் சொன்னதற்கும் இதற்கும் அதிக பேதமில்லை. அவர்கள் பெயரை மறைத்தார்கள். இவர் பாத்திரத்தை மறைத்தார். இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் தானிய மாவோடு இரத்தத்தைச் சேர்த்துச் செய்யும் பண்டங்கள் கடைகளிலேயே விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் எவரும் மதிப்பிழந்ததாகத் தெரியவில்லை.

இரத்தத்தில் உள்ள சத்து

இனிப் பெரியவருடைய கேள்விக்கு வருவோம். இரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். நூறு கிராமில் சுமார் 17 கிராம் புரதம் இருக்கிறது. இது கறிக்கு ஏறத்தாழச் சமமானது. இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபின் என்னும் பொருளில் இரும்புச்சத்து அடங்கியிருக்கிறது. நூறு கிராம் ஆட்டு இரத்தத்தில் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகக் கணக்கிடலாம். பருவமடைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவையென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்திருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அன்றியும், கீரை தானியங்களிலுள்ள இரும்பைக் காட்டிலும் இரத்தத்திலும் கறியிலுமுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளுகிறது. அதில் 15 முதல் 35 சதம் வரை உடலில் சேரும்.

இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதம் பேருக்கு இருக்கிறது. அதாவது, களையெடுக்கும் பெண்களிலும், பட்டாசுச் சாலைக்கும் தீப்பெட்டிச் சாலைக்கும் போகும் பெண்களிலும், நம் வீட்டுப் பெண்களிலும் இருவருக்கு ஒருவர் இரத்தக் குறைவோடு உழைக்கிறார். இந்நிலையில், கிடைத்த சத்தை மதிப்புக்காக மணலில் விடும் வீட்டார் அதனால் அடையும் லாபம் யாதென்று யோசிக்க வேண்டும்.

ஆயினும் ஒன்றை மிகைப்படுத்தலாகாது. வருஷத்துக்கு ஒருமுறை உண்ணும் பொரியல் இரத்தசோகையைத் தீர்த்துவிடாது. குடற்புழுவாலும் வேறு நோய்களாலும் இரத்தசோகை உண்டாவதால், முகம் வெளுத்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று பரிசோதித்து, கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளச் செய்வதே முதற் கடமை. தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய உணவை உண்ணலாகாது. இரத்தம் உண்ணாதவர்கள் கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு வகைகளை நெல்லிக்காய் அல்லது எலுமிச்சையோடு சேர்த்து உண்டால், அவற்றிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும்.

சுத்தமாக எடுத்துச் சமைக்கும் முறை

இரத்தம் சத்துள்ளதாயிருப்பதனாலேயே விரைவில் கெடுவதுமாகும். மனிதனுக்கு உகந்த ஆகாரம் கிருமிகளுக்கும் உகந்ததே. ஆடி மாதத்து வெயிலில் சில மணி நேரம் வைத்த இரத்தம் உண்ணத் தகுந்ததன்று. ஆகையால் பின்வரும் விதிகளைக் கவனிக்க வேண்டும்.

1. வெட்டுமுன் ஆட்டின் கழுத்தைக் கழுவித் துடைக்கவும். கத்தியையும் பாத்திரத்தையும் கொதிநீரில் அலம்பிக்கொள்ளவும்.

2. பாத்திரத்தில் சிறிது உப்பு நீர் விட்டு, இரத்தத்தை நேராக அதிலே ஏந்தவும். மண், ரோமம், இரைப்பையிலுள்ள தழை ஆகியவை கலந்தால் அதைச் சமையலுக்கு எடுக்கவேண்டாம்.

3. ஈ மொய்க்காதபடி மூடி வைத்தால் சற்று நேரத்தில் இறுகிவிடும். உடனே துண்டங்களாக அறுத்துக் கொதிநீரில் இட்டு, நடுவில் செந்நிறம் தெரியாத வரையில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிடவும்.

4. பின்பு உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், மிளகு, தேங்காய்த் துருவல் சேர்த்து எண்ணெயில் வதக்கவும். அன்றே உண்டு முடிக்கவும்.

எடுக்கலாகாத இரத்தம்

நோயுற்ற ஆட்டின் இரத்தத்தையும், தானே செத்த ஆட்டின் இரத்தத்தையும் ஒருக்காலும் எடுக்கலாகாது. முக்கியமாக, திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் உறையாமல் கசியுமானால், அது அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். அவ்வாட்டை அறுப்பதே பிராணாபத்து. அந்நோய் மனிதரையும் பற்றும். தோலை உரிக்காமல், உடலைத் திறக்காமல், உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்து, அவர் சொற்படி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

எஞ்சிய இரத்தம் எருவாகும்

உண்பவர் உண்டது போக எஞ்சுவதும், உண்ணாதவர் விடுவதும் இப்பொழுது எங்கே போகின்றன? மணலில் ஊறி மழைக்கு ஆற்றில் இறங்குகின்றன. ஒரு லிட்டர் இரத்தம் நீரில் கலந்து அழுகும்போது, சாதாரணச் சாக்கடை நீர் ஐந்நூறு லிட்டர் செய்யும் கேட்டைச் செய்யக்கூடியது. அந்த ஆற்று நீரே பக்தர்கள் நீராடுவதும், கீழ்ப்பக்கத்துக் கால்நடைகள் குடிப்பதும், வயல்களுக்குப் பாய்வதுமாகும்.

இதையே எருவாகப் பார்த்தால் கணக்கு வேறாகும். 25 கிலோ எடையுள்ள கிடாயிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் இரத்தம் கிடைக்கும். ஆயிரம் கிடாய் வெட்டப்படுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டர் ஆகிறது. அதில் சுமார் 30 கிலோ தழைச்சத்து உண்டு. யூரியாவாகக் கணக்கிட்டால் 65 கிலோவுக்குச் சமம். தொழு உரத்தில் தழைச்சத்து அரைச் சதம் அளவே இருக்க, உலர்ந்த இரத்தத் தூளில் 10 முதல் 12 சதம் இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கும் இதற்குப் பின்னேதான் நிற்கும்.

செய்முறை எளிது. இரத்தத்தை அகன்ற இரும்புக் கொப்பரையில் இட்டுக் கிளறிக்கொண்டே காய்ச்சினால், கட்டி கட்டியாகத் திரளும். நீர் சுண்டிய பின் எடுத்து, நாய் காக்கைக்கு எட்டாத களத்தில் வெயிலில் உலர்த்தி இடித்துத் தூளாக்கிச் சாக்கில் கட்டி ஈரம் படாமல் வைக்கவும். ஆடியில் செய்த தூள், புரட்டாசி ஐப்பசியில் மழை கண்டு விதைக்கும் காலத்துக்குச் சரியாக உதவும். மிளகாய், கத்தரி, மல்லிகை முதலியவற்றுக்குச் சென்ட் ஒன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மண்ணில் கொத்திவிட்டால் போதும். அதிகமானால் வேர் கருகும். மணிச்சத்தும் சாம்பற்சத்தும் இதில் குறைவாகையால், தொழு உரமும் சாம்பலும் சேர்த்தே இடவேண்டும்.

காய்ச்ச வசதியில்லாத இடத்தில், ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் குழி வெட்டி, நறுக்கிய பருத்திமார், கம்பந்தட்டை, உலர்ந்த மண் ஆகியவற்றை அரை அடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் இரத்தத்தை ஊற்றி மறுபடியும் தட்டையும் மண்ணும் கொண்டு மூடிவரலாம். சில மாதங்களில் நல்ல மக்கு எரு கிடைக்கும். இரத்தத் தூளை ஆடு மாடுகளுக்குத் தீவனத்தில் கலக்கலாகாது. இறைச்சிக் கழிவுகளிலிருந்து செய்த தூளை மாடுகளுக்குக் கொடுத்ததால் இங்கிலாந்தில் மூளை நோய் பரவி, 1986இல் அது கண்டறியப்பட்டதை மறக்கலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஆலயங்களில் உயிர்ப்பலியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. 2003ஆம் ஆண்டில் அதைக் கண்டிப்பாக அமலாக்க உத்தரவிடப்பட்டபோது கிராமங்களில் பெரும் மனத்தாங்கல் உண்டாயிற்று. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. வெட்டலாமா கூடாதா என்ற வாதம் அப்பொழுது எங்கும் பேசப்பட்டது. வெட்டிய பின் சிந்தும் இரத்தத்தை என்ன செய்வது என்பதைப் பேசினவர் சிலரே.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது உண்டு. திருவிழாவுக்கு முன்பே வெட்டுமிடத்தை ஆற்றுப் படுகைக்கு அப்பால் குறித்து, சிமிட்டித் தளமும் வடிகுழியும் அமைக்கலாம். மூடியுள்ள பீப்பாய்களை வைக்கலாம். அன்று ஒரு கால்நடை மருத்துவர் ஆடுகளைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். சேர்ந்த இரத்தத்தை எருவுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் குடியானவர்களுக்கு அளந்து கொடுக்கலாம். இவ்வேலைகளைச் செய்யும் ஆட்களுக்குக் கையுறையும், நியாயமான கூலியும், சமமான பந்தியும் கிடைக்கும்படி பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே. இரத்தத்தைத் தொடும் வேலையை ஒரு சாதியார் மீது மட்டும் சுமத்தி, அதையே காட்டி அவர்களை ஒதுக்குவது, பழைய அநீதியைப் புதுப்பிப்பதாகும்.

பொது விருந்து வைப்போர் இரத்தப் பொரியலைத் தனி அடுப்பில் தனிப் பாத்திரத்தில் ஆக்கி, இன்னதென்று சொல்லியே பரிமாற வேண்டும். மத ஆசாரம் பற்றி விலக்குகிறவர் அறியாமல் உண்ணும்படி நேர்ந்தால் அது பெருங்குற்றம்.

முடிவு

இருக்கன்குடித் தல வரலாற்றில், சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் தன் கூடையை இறக்கிவைத்த இடத்தில் அது அசையாமல் நின்றதென்றும், அங்கேயே அம்மன் திருவுருவம் வெளிப்பட்டதென்றும் சொல்லப்படுகிறது. அவள் கூடையில் இருந்தது எரு. பிறர் மிதித்துக் கடந்து போவதைப் பொறுக்கி எடுத்து வயலுக்குப் பயன்படுத்துகிறவளுக்கே தெய்வம் தன்னைக் காட்டிற்று என்று குடியானவர் இக்கதையைப் பொருள் கொள்ளலாம்.

ஆகவே பெரியவருக்கு நாம் சொல்லும் விடை இதுவே. ஐயா, சுத்தமாக எடுத்து நன்றாக வேகவைத்தால் அது உடம்புக்கு நல்லது. உண்ண மனமில்லையேல் தாங்கள் உண்ணவேண்டாம். உண்பவரை இழிவாக எண்ணவேண்டாம். இருவரும் விட்டதை ஆற்றில் விடாமல் புஞ்சைக்குக் கொண்டு போங்கள். அடுத்த ஆடியில் தங்கள் தமக்கையார் பாத்திரத்தோடு வந்து நிற்பாரானால், நாலு பேர் பார்க்கட்டும், அதைத் தடுக்கவேண்டாம்.